‘இந்த வயதில் பல்லுக்குக் கம்பியா?’

அறுபதைத் தாண்டிய ஒருவர், "பல்லுக்குக் கம்பி போட்டுக்கலாம்னு இருக்கேன்" என்று வாய் திறந்தால் போதும். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீடானாலும் சரி, கிள்ளான் தரை வீடானாலும் சரி, பதில் ஒன்றுதான்: "பேரன் பேத்தி எடுத்தாச்சு, இனிமே யாருக்குக் காட்டப் போறீங்க?" மகள் கேட்கிறாள். மருமகன் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார். கோயிலில் பார்க்கும் பழைய தோழி, "நமக்கெல்லாம் எதுக்கு அந்த வேலை" என்கிறார். பேச்சு அத்தோடு முடிகிறது. கேட்டவர் பிறகு அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

இப்படிச் சொல்கிறவர்களின் தரப்பை முதலில் அதற்குரிய பலத்தோடு வைத்துவிடுகிறேன். வயதானால் தாடை எலும்பு இறுகிவிடும், பல் நகராது என்பது ஒன்று. நகர்ந்தாலும் பல ஆயிரம் வெள்ளி செலவு, அனுபவிக்க இருக்கும் ஆண்டுகளோ கொஞ்சம் என்பது அடுத்தது. தொல்லை கொடுக்கும் பல்லைப் பிடுங்கிவிட்டுச் செட்டு போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது என்பது மூன்றாவது. மூப்புக்கு ஓர் அடக்கம் வேண்டும், முகத்தைத் திருத்திக்கொள்ளும் ஆசை அதற்குப் பொருந்தாது என்பது நான்காவது. மனக்குறை இருந்தால் அதற்கு மருந்து பிள்ளைகளின் பாசமும் கோயிலும் நாலு பேர் பழக்கமும்தான், பல்லில் கம்பி கட்டி மனதைச் சரிசெய்ய முடியாது என்பது ஐந்தாவது. இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் உள்ள உடம்பில் இது ஆபத்து என்பது கடைசி. இவற்றில் பாதி அக்கறையிலிருந்து வரும் பேச்சு என்பதை நான் மறுக்கவில்லை. அக்கறையோடு சொல்வதால் தவறு சரியாகிவிடாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. எலும்பு இறுகிவிட்டது என்று யார் சொன்னது?

பல் எலும்பில் நேராக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்ச்சவ்வு ஒன்று இருக்கிறது. கம்பி தரும் மென்மையான, விடாத அழுத்தத்தில் வேரின் ஒரு பக்கத்து எலும்பை அதற்கென்றே உள்ள செல்கள் கரைக்கின்றன. மறுபக்கத்தில் வேறு செல்கள் புது எலும்பைக் கட்டுகின்றன. பல் அந்த வழியில் மெல்ல நகர்கிறது. இந்த வேலை பதினாறு வயதோடு நின்றுவிடுவதில்லை. எழுபது வயதில் முறிந்த கை எலும்பு ஒட்டுகிறது அல்லவா? எலும்பைக் கரைத்துக் கட்டும் அதே திறன்தான் அங்கும் வேலை செய்கிறது.

வேறுபாடுகள் உண்டு. வளரும் பிள்ளையின் தாடையை வளர்ச்சியின் துணையோடு திருப்பிவிட முடியும். பெரியவரிடம் அது நடக்காது. மேல் தாடையும் கீழ்த் தாடையும் பெரிதாகப் பொருந்தாமல் இருந்தால் அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். பல் நகரத் தொடங்குவதற்குப் பெரியவர்களிடம் சற்றுக் கூடுதல் காலம் ஆகலாம். இவற்றுக்காகச் சிகிச்சையைத் திட்டமிட்டுக்கொள்ள வேண்டுமே தவிர, கைவிட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஐம்பது வயதுக்குப் பிறகு உங்கள் முன்பற்கள் கம்பியே இல்லாமல் நகர்ந்திருக்கின்றனவா, இல்லையா? கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். அன்று இல்லாத இடைவெளி இன்று இருக்கிறது. அன்று வரிசையாய் இருந்த கீழ்ப்பற்கள் இன்று ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. எலும்பு இறுகிவிட்டது என்றால் இது எப்படி நடந்தது? கெட்ட திசையில் நகரும் பல்லுக்கு வயது தடையில்லை, நல்ல திசைக்கு மட்டும் தடை என்று சொல்வது எந்தக் கணக்கு?

2. எத்தனை ஆண்டு மிச்சம் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் கணக்கையாவது சரியாகப் போட வேண்டும்.

மலேசியாவில் அறுபதைத் தொட்ட ஒருவருக்குச் சராசரியாக இன்னும் பதினெட்டு, இருபது ஆண்டுகள் இருக்கின்றன. பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதல். முன்பற்களை மட்டும் சரிசெய்யும் சிகிச்சை பல நேரங்களில் ஓராண்டுக்குள் முடியும். முழு வாய்க்கும் என்றால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். இரண்டு ஆண்டைக் கொடுத்துப் பதினாறு ஆண்டைப் பெறுவது வீண் என்றால், வீண் இல்லாத செலவு எது? பேத்தியின் மஞ்சள் நீராட்டுக்கு மண்டபம் எடுத்து ஒரே மாலையில் செலவழிக்கும் பணத்தை யாரும் ஆண்டுக் கணக்கால் வகுத்துப் பார்ப்பதில்லை. ஊழியர் சேம நிதியில் முப்பது ஆண்டு சேர்ந்த பணம் ஐம்பத்தைந்து வயதில் கைக்கு வரும்போது மகனின் வீட்டு முன்பணத்துக்கு, மகளின் கல்யாணத்துக்கு, கார் கடனுக்கு என்று எல்லாருக்கும் அதில் பங்கு இருக்கிறது. சேர்த்தவரின் வாய்க்கு மட்டும் பங்கு கேட்டால் அது ஆடம்பரமாகிவிடுகிறது.

"அதெல்லாம் சின்ன வயசுலயே போட்டிருக்கணும்" என்ற பேச்சு எனக்கு உண்மையிலேயே கோபம் மூட்டுகிறது. யார் போட்டுவிட்டிருப்பார்கள்? இன்று அறுபதைத் தாண்டியவர்கள் 1965ஐ ஒட்டியோ அதற்கு முன்போ பிறந்தவர்கள். மலாயாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கான பல் தாதியர் பயிற்சி பினாங்கில் தொடங்கியது 1949இல். குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பது நாடு தழுவிய திட்டமானது 1972இல். இந்த மண்ணின் முதல் பல் மருத்துவப் புலம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் முதல் மாணவர்களைச் சேர்த்ததும் 1972இல்தான். அதாவது, இன்றைய தாத்தா பாட்டிகளில் பலர் பதின்ம வயதைத் தொட்டபோது, உள்ளூரில் படித்து வெளிவந்த பல் மருத்துவர் ஒருவர்கூட இந்நாட்டில் கிடையாது. இருந்தவர்கள் சிங்கப்பூரிலோ வேறு நாடுகளிலோ படித்து வந்தவர்கள், எண்ணிக்கையில் சிலர், பட்டணத்தில் இருந்தவர்கள். தோட்டப்புறத்தில் என்ன இருந்தது? பல் வலித்தால் தோட்டத்து ஆஸ்பத்திரி. அங்கே டிரஸ்ஸர் கையில் ஒரு குறடு. வலிக்கும் பல்லைப் பிடுங்குவதுதான் சிகிச்சை. அடைப்பது அரிது. வரிசைப்படுத்துவது என்ற பேச்சே இல்லை. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் வெட்டியவர்கள் கிள்ளானிலும் ஷா ஆலமிலும் பூச்சோங்கிலும் தொழிற்சாலை வேலைக்கும் காவல் வேலைக்கும் வந்து சேர்ந்தபோது, சம்பளம் பிள்ளைகளின் பள்ளிக்கே போதவில்லை. அப்படியிருந்தும் அந்தப் பிள்ளைகளில் பலர் பதினைந்து வயதில் கம்பி போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பணம் கட்டியவர் அப்பா. இன்று அவர் கேட்கும்போது, காலம் கடந்துவிட்டது என்று அந்தப் பிள்ளைகளே சொல்கிறார்கள். அவருக்கு அந்தக் காலம் வரவே இல்லை என்பதை ஒரு நிமிடமாவது நினைத்துப் பார்க்க வேண்டாமா?

3. "பிடுங்கிவிட்டுச் செட்டு போட்டுக்கொள்" என்பது தீர்வு என்று நம்புகிறவர் முழுச் செட்டு போட்டவரோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

முழுச் செட்டின் கடிக்கும் வலு இயற்கைப் பல்லின் வலுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். பல் போன இடத்தில் தாடை எலும்பு தேய்கிறது. முதல் ஆண்டில் வேகமாக, பிறகு மெல்ல, ஆனால் நிற்காமல். எலும்பு தேயத் தேயச் செட்டு தளர்கிறது. கீழ்ச் செட்டு பேசும்போதே எழும்பி விழுகிறது. முறுக்கு போகிறது, கச்சான் போகிறது, ஆட்டுக்கறி போகிறது, பச்சைக் காய்கறிகூடப் போகிறது. மிச்சம் இருப்பது குழைந்த சோறும் பிஸ்கட்டும். இனிப்பு நீர் உள்ள ஒருவருக்கு அதைவிடப் பொருந்தாத உணவு உண்டா?

ஒரே ஒரு பல்லைப் பிடுங்கினாலும் விளைவு அந்த ஒரு இடத்தோடு நிற்பதில்லை. பக்கத்துப் பல் காலி இடத்தை நோக்கிச் சாய்கிறது. எதிர்ப்பல் பிடிமானம் இல்லாமல் இறங்கி வருகிறது. பத்து ஆண்டு கழித்து அங்கே பாலம் கட்டவோ இம்பிளாண்ட் வைக்கவோ போனால் இடம் கோணலாகக் கிடக்கிறது. சாய்ந்த கடைவாய்ப் பல்லை முதலில் நிமிர்த்தினால்தான் மேற்கொண்டு வேலை நடக்கும். நிமிர்த்துவது எப்படி? கம்பியால்தான். பெரியவர்களுக்குப் போடும் கம்பியில் கணிசமான பகுதி இந்த வேலைக்காகவே போடப்படுகிறது. கம்பி வேண்டாம், செட்டு போதும் என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்துகிறவர்களுக்கு, நல்ல செட்டுக்கே சில நேரம் கம்பி முன்வேலை என்பது தெரியவில்லை.

ஜப்பானியர் 1989இல் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். எண்பது வயதில் இருபது சொந்தப் பல் என்பது இலக்கு. அன்று அதைக் கேட்டவர்கள் நடக்காத காரியம் என்று நினைத்திருக்கலாம். எண்பது வயதில் இருபது பல் வைத்திருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த இலக்கை எட்டியிருந்தார்கள். முதுமையில் பல் போவது விதி என்று அவர்களும் நம்பியிருந்தால் எந்த எண்ணும் மாறியிருக்காது.

4. வயதுக்கேற்ற அடக்கம் வாய்க்கு மட்டும்தானா?

அறுபத்தைந்து வயது அண்ணன் மாதம் தவறாமல் தலைக்கு மை பூசுகிறார். யாரும் சிரிப்பதில்லை. தீபாவளிக்கு முன் ஜாலான் தெங்கு கிளானாவில் எழுபது வயது அம்மாக்கள் புடவையை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்து வாங்குகிறார்கள். அதை மங்கலம் என்கிறோம். அழகாய்த் தெரிய வேண்டும் என்ற ஆசையை நாம் முதியவர்களிடம் கண்டிப்பதில்லை. பல்லுக்கு வரும்போது மட்டும் கண்டிக்கிறோம். என் கணிப்பில் இதற்குக் காரணம், கம்பி வெளியே தெரிகிறது என்பதுதான். மை பூசியவர் தன் ஆசையை மறைத்துக்கொள்கிறார். கம்பி போட்டவர் ஈராண்டு காலம் "எனக்கு இது வேண்டும்" என்று முகத்திலேயே எழுதிக்கொண்டு நடக்கிறார். அதிலும் அவர் பெண்ணாக, கணவரை இழந்தவராக இருந்துவிட்டால், தனக்கென்று ஒன்றைக் கேட்பதே குற்றமாகப் பார்க்கப்படுகிறது. அடக்கம் என்ற பெயரில் நாம் கேட்பது, அவர்கள் எதையும் கேட்காமல் இருக்க வேண்டும் என்பதைத்தான்.

அழகு என்ற ஒரே சொல்லுக்குள் இந்த விஷயத்தை அடைப்பதே முதல் தவறு. ஈறு நோயைப் பாருங்கள். 2010இல் நடந்த தேசியப் பல் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 94 பேருக்கு ஏதோ ஓர் அளவில் ஈறு பாதிப்பு இருந்தது. அது முற்றினால் பல்லைத் தாங்கும் எலும்பு குறைகிறது. தாங்கல் குறைந்த முன்பற்கள், நாக்கும் உதடும் கடியும் கொடுக்கும் அன்றாட அழுத்தத்துக்கே இடம் விட்டு, முன்னோக்கி விரிகின்றன. இப்படி ஆனவர்கள் பிறவியிலிருந்து கோணல் பல்லோடு வாழ்ந்து பழகியவர்கள் இல்லை. ஐம்பது வயது வரை நல்ல பல்வரிசை இருந்தவர்கள். இருந்த முகத்தை ஐந்தாறு ஆண்டுகளில் இழந்தவர்கள். இழந்ததைக் கேட்கிறார்கள். பக்கவாதம் வந்து வாய் கோணியவர் பயிற்சிக்குப் போனால் ஆடம்பரம் என்று சொல்வோமா?

இழப்பு எங்கெல்லாம் தெரிகிறது என்று கவனித்திருக்கிறேன். சிரிப்பு வரும்போது கை தானாக வாய்க்குப் போகிறது, அல்லது முந்தானை போகிறது. குடும்பப் படங்களில் உதடு மூடியே இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குக் குடும்பமே கிளம்பும்போது, "எனக்குப் பசியில்லை, நீங்க போயிட்டு வாங்க" என்ற பதில் வருகிறது. பல்லின் இடைவெளியில் காற்று கசிந்து ‘ச’கரம் கெடுவதால், தேவார வகுப்பில் முன்வரிசையில் பாடியவர் பின்வரிசைக்குப் போய் வாயசைப்போடு நிறுத்திக்கொள்கிறார். பெர்த்திலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பேரப்பிள்ளையோடு கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும்போது திரையின் மூலையில் தன் முகமும் தெரிகிறது. கேமரா மெல்ல நெற்றிக்கு மேலே போய்விடுகிறது. குழந்தை, "பாட்டி, மூஞ்சியைக் காட்டுங்க" என்கிறது. இவை ஒவ்வொன்றும் சிறியவை. ஒரே மனிதரிடம் எல்லாம் சேரும்போது அவர் கூட்டத்திலிருந்து பின்வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

முதியோரின் வாய் நலத்தை அளக்க 1990இல் அமெரிக்காவில் உருவாக்கிய ஒரு கேள்விப் பட்டியல் இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. பன்னிரண்டு கேள்விகள். மெல்ல முடிகிறதா, விழுங்க முடிகிறதா என்பவற்றோடு, பல்லின் தோற்றத்தில் நிறைவு உண்டா, பிறர் முன்னால் சாப்பிடச் சங்கடப்படுகிறீர்களா, பல்லை எண்ணி ஆட்களோடு பழகுவதைக் குறைத்துக்கொண்டீர்களா என்ற கேள்விகளும் அதில் இருக்கின்றன. மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் இவற்றை நலத்தின் பகுதியாகவே எண்ணினார்கள். நம் வீடுகளில்தான் இது ஆசையின் கணக்கில் எழுதப்படுகிறது.

பொக்கை வாய்ச் சிரிப்பு அழகு என்று உருகுகிறவர்களுக்கும் ஒரு சொல். குழந்தைக்கும் கிழவருக்கும் அதைப் பொதுவாக்கி ரசிப்பது பார்ப்பவருக்கு இனிமை. அந்த வாயோடு மூன்று வேளை சாப்பிட வேண்டியவரிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை.

5. "மனசுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?" இந்த ஆறு கேள்விகளில் உண்மையிலேயே பதில் சொல்லக் கடினமானது இதுதான்.

எதிர்த்தரப்புக்குக் கிடைக்கக்கூடிய வலுவான சான்றை நானே எடுத்து வைக்கிறேன். பிரிட்டனின் கார்டிஃப் நகரில் 1981இல் பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். இருபது ஆண்டு கழித்து, எஞ்சியவர்களைத் தேடிப் பார்த்தார்கள். சிறு வயதில் கம்பி தேவைப்பட்டுப் போட்டுக்கொண்டவர்களின் பல் வரிசை மேம்பட்டிருந்தது. தம் பல்லைப் பற்றிய நிறைவும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. ஆனால் தன்மதிப்பு, மனநலம் என்று பார்த்தபோது, தொடக்கத்தில் இருந்த நிலையைக் கணக்கில் எடுத்த பிறகு, கம்பியால் வந்த லாபம் சொற்பம். ஆகவே, கம்பி போட்டால் தன்னம்பிக்கை பொங்கும், வாழ்க்கையே மாறும் என்று கடை முகப்பில் படம் போடும் கிளினிக்குகள் சொல்வதை நான் ஏற்கவில்லை. மனச்சோர்வுக்குக் கம்பி மருந்து கிடையாது. 2018ஆம் ஆண்டு தேசிய உடல்நலக் கணக்கெடுப்பு அறுபது வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் நூற்றுக்குப் பதினொரு பேரிடம் மனச்சோர்வு அறிகுறிகளைக் கண்டது. அவர்களுக்கு மருத்துவரும் மருந்தும் துணையும் வேண்டும். அவர்களிடம் போய்ப் பல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்பது பொறுப்பற்ற பேச்சு.

அப்படியானால் எதிர்த்தரப்பு வென்றதா? இல்லை. முதலாவது, கார்டிஃப் பிள்ளைகளுக்குக் கம்பி போட முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் பெற்றோரும் மருத்துவரும். அறுபது வயதில் கேட்கிறவர் பல்லாண்டு தன் வாயோடு வாழ்ந்து, இன்னது குறை என்று தானே அறிந்து, தானே கேட்கிறார். இரண்டாவது, ஆய்வின் முடிவில் அவர்களுக்கு வயது முப்பதை ஒட்டித்தான். ஈறு இறங்கி, பல் விரிந்து, கூட்டத்தில் சாப்பிடத் தயங்கும் நிலை அவர்களுக்கு வந்திருக்கவில்லை. இல்லாத இழப்பை ஈடுசெய்ததா என்று அளக்க முடியாது. மூன்றாவதுதான் முக்கியம். கண்புரை அறுவை முடிந்த பாட்டியிடம், "உன் தன்மதிப்பு எத்தனை புள்ளி ஏறியது?" என்று நாம் கேட்பதில்லை. கண் தெரிகிறது, ஊசியில் நூல் கோர்க்கிறார், போதும். மூட்டு மாற்றியவரிடம் வாழ்க்கையின் பொருள் கிடைத்ததா என்று கேட்பதில்லை. பல்லிடம் மட்டும், ஒன்று முழு மகிழ்ச்சியைக் கொண்டுவா, இல்லையேல் நீ வீண் என்று ஏன் நிபந்தனை போடுகிறோம்? கையால் வாயை மூடாமல் சிரிக்க முடிவதும், அழைத்த இடத்துக்குச் சாப்பிடப் போக முடிவதும், தன் பல்லைப் பற்றி நினைக்காமல் ஒரு மாலையைக் கழிக்க முடிவதும் தம்மளவில் பெரியவை. கார்டிஃப் ஆய்வே ஒப்புக்கொண்ட அந்த "நிறைவு" என்பது இதுதான்.

பாசமும் கோயிலும் பழக்கமும் போதும் என்கிறீர்கள். பழகுவதற்கு வாய் வேண்டாமா? வாயைத் திறக்கக் கூசுகிறவரைப் பழகச் சொல்வது, வாசலைப் பூட்டிவிட்டு உள்ளே வரச் சொல்வதாகும்.

இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். கம்பி போட்ட முதல் வாரங்கள் சுகமாக இருக்காது. வலிக்கும், கன்னத்தில் உரசும், கஞ்சியும் இட்லியும்தான் இறங்கும். முதல் சில மாதங்களில் வாழ்க்கைத் தரம் சற்று இறங்கி, பிறகுதான் ஏறுகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. அந்த மாதங்களில் வீட்டார் கேலி செய்தால் ஒருவர் பாதியில் விட்டுவிடக்கூடும். அப்போது "நான் அப்பவே சொன்னேனே" என்பார்கள். பாதியில் நின்றதற்கு அவர்களின் கேலியும் ஒரு காரணம் என்பதை மறந்துவிடுவார்கள்.

6. நோய் உள்ள உடம்பு என்ற எச்சரிக்கையை மட்டும் நான் பாதி ஏற்கிறேன்.

2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத நிலையில், ஈறு வீங்கி ரத்தம் வடியும் நிலையில் கம்பி போட்டால் இருக்கும் எலும்பும் போகும். எலும்புத் தேய்வுக்காக அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரையையோ ஊசியையோ எடுப்பவர்களுக்குப் பல் நகர்வது மந்தமாகும். பல் பிடுங்க நேர்ந்தால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயமும் உண்டு. எல்லாம் உண்மை. ஆனால் இவை "கூடாது" என்பதற்கான காரணங்களாக இருப்பதைவிட, "முதலில் இதைச் செய்" என்பதற்கான காரணங்களாகவே இருக்கின்றன. மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பாருங்கள். ஈறு நிபுணரிடம் காட்டி, வீக்கம் வடிந்து, சில மாதம் நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள். எடுக்கும் மருந்து அத்தனையையும் பல் சீரமைப்பு நிபுணரிடம் பட்டியலாகக் கொடுங்கள். எலும்பு குறைந்திருந்தாலும் ஈறு ஆரோக்கியமாக இருந்தால், குறைந்த அழுத்தத்தில் பல்லை நகர்த்த முடியும். முடிந்த பிறகு பல் திரும்பிப் போகாமல் பிடித்துவைக்கும் கம்பியை வாழ்நாள் முழுக்க வைத்திருக்க வேண்டும்; அதற்குச் சம்மதம் இல்லாதவர் தொடங்கவே வேண்டாம். ஈறு நோயைக் குணப்படுத்தினால் சர்க்கரைக் கட்டுப்பாடும் ஓரளவு மேம்படுகிறது. அதாவது, கம்பிக்கு ஆசைப்பட்டு ஈறு சிகிச்சைக்குப் போனவர், கம்பி போடாமலே திரும்பினாலும் லாபத்தோடுதான் திரும்புகிறார்.

கேலியின் விலை என்ன என்று பார்த்தோமா?

வீட்டில் சொல்ல வெட்கப்படுகிறவர் வெளியே மறைவாகத் தேடுவார். மறைவாகத் தேடுகிறவருக்காகவே காத்திருக்கும் சந்தை இந்நாட்டில் இருக்கிறது. இணையத்தில் விளம்பரம் செய்து, வீட்டுக்கே வந்து கம்பி ஒட்டுகிறவர்கள், செட்டு செய்து தருகிறவர்கள். 2017இல் மலாக்காவில், காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டு கம்பி போட்டுவந்த இளம்பெண் ஒருவருக்கு நீதிமன்றம் 70,000 வெள்ளி அபராதம் விதித்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம், பதிவு இல்லாமல் தொழில் செய்பவருக்கு 3 லட்சம் வெள்ளி வரை அபராதமோ ஆறு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ என்று தண்டனையை உயர்த்தியிருக்கிறது. பிடிபட்டவரைத் தண்டிக்கலாம், வெட்கத்தால் அங்கே போய்ப் பல்லை இழந்தவருக்குச் சட்டம் பல்லைத் திருப்பித் தராது. நேர்வழியும் அகலமாக இல்லை. அரசு பல் நிபுணத்துவ கிளினிக்குகளில் கட்டணம் குறைவு. ஆனால் கம்பிக்கான வரிசை நீளம், முன்னுரிமை பிள்ளைகளுக்கு. அது சரிதான், பிள்ளைகளைப் பின்னுக்குத் தள்ளச் சொல்லவில்லை. முதியவர்களுக்கென்று ஒரு வரிசையே இல்லை என்பதுதான் என் குறை.

வரிச் சட்டத்திலும் இதே மனப்பான்மை அச்சேறியிருக்கிறது. பெற்றோரின் மருத்துவச் செலவுக்குப் பிள்ளைகள் 8,000 வெள்ளி வரை வரிச் சலுகை கேட்கலாம். அதற்கான விளக்கக் குறிப்பில் பல் பிடுங்குவது, அடைப்பது, சுத்தம் செய்வது ஆகியவை சிகிச்சை. பல்லுக்கு உறை போடுவது, வேர் சிகிச்சை, செட்டுப் பல் மூன்றும் அழகுச் செலவு, ஆகவே சலுகை இல்லை. பிடுங்கினால் சிகிச்சை, பிடுங்காமல் காப்பாற்றினால் அழகு. பிடுங்கிய இடத்தில் பல் வைத்தாலும் அழகு. செட்டுப் பல்லுக்கே இந்த நிலை என்றால் கம்பியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2024ஆம் மதிப்பீட்டு ஆண்டிலிருந்து ஒருவர் தனக்கும் துணைவருக்கும் பிள்ளைக்கும் செய்யும் பல் சிகிச்சைக்கு 1,000 வெள்ளி வரை சலுகை வந்திருக்கிறது. அது நல்ல தொடக்கம். ஆனால் வேலையில் இல்லாத, வரி கட்டாத அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அது எந்த வகையிலும் உதவாது. 2030க்குள் மக்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அறுபது வயதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள் என்று கணித்து வைத்திருக்கும் அரசு, வரும் வரவு செலவுத் திட்டத்திலேயே அழகுச் செலவு என்று ஒதுக்கும் அந்த விதியை எடுத்துவிட்டு, மருத்துவர் தேவை என்று எழுதிக்கொடுக்கும் வேர் சிகிச்சையையும் செட்டையும் பல் சீரமைப்பையும் பெற்றோரின் மருத்துவச் செலவில் சேர்க்க வேண்டும்.